தொப்பிச் சின்னமும் நடுகல்லும்

பழம்பொருள் திரட்டுதல் நற்பழக்கமே. அஞ்சல்தலை, நாணயம் திரட்டுவாரைப் போலவே, ஆங்கிலேயர் காலத்து எல்லைப்படைகளின் தொப்பிச் சின்னங்களைத் திரட்டுவாரும் உளர். அப்பித்தளைத் துண்டைப் போற்றுவது, நம்மை அடக்கியாண்ட ஆட்சியையே போற்றுவதாகுமா?

ஸ்ரீ சிட்டியிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. சித்தூருக்குத் தெற்கே வேலூர்க் கோட்டை நிற்கின்றது. 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக்குறியும் காதணியும் கூடா. தோற்சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையையே அணிதல் வேண்டும் என்ற ஆணை அவர்தம் சினத்துக்குப் பெருங்காரணமாயிற்று. ஆர்க்காட்டிலிருந்து விரைந்த குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டது. வெள்ளையர் பலரும் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோரும் மாண்டனர். தலையில் தாங்கும் சின்னம், தாங்குபவன் யாருக்கு உரியவன் என்பதை உரைக்கும். அதனை அச்சிப்பாய்கள் உணர்ந்திருந்தனர்.

மறுபுறத்தையும் காண்போம். 1897இல் வடமேற்கு எல்லையில் நிகழ்ந்த திரா மலைப்போரில் 21ஆம் மதராஸ் பயனியர் படை பங்கேற்றது. பாதை அமைப்பதும் போரிடுவதும் அதன் பணி. பின்னர் அது 81ஆம் பயனியர் படையாயிற்று. 1933இல் மதராஸ் பயனியர் படைகளே கலைக்கப்பட்டன. அப்படைகளில் தமிழர் பலர் இருந்தனர். தமக்குப் பகையல்லாத மலைமக்களை எதிர்த்துப் பிறர்க்காகப் போரிட்ட அவர்களைப் பழிப்பதா? பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, நிறுவனத்தின் அடையாள அட்டையை மார்பில் தாங்கும் நாம் அவர்களை எளிதில் பழித்தல் தகாது. ஆயினும், அவர்கள் கையில் இருந்தது துப்பாக்கி என்பதை மறத்தலும் தகாது. அவர்கள்பால் இரக்கமும் அவர்தம் செயல்பால் நேர்மையான தீர்ப்பும் நம் உள்ளத்தில் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

சித்தூர் வட்டாரத்தில் நடுகற்கள் பல உள்ளன. ஊரையும் ஆநிரையையும் காக்க வீழ்ந்த வீரனின் உருவத்தையும், பல கற்களில் அவன் பெயரையும் நம் முன்னோர் பொறித்துவைத்தனர். தொப்பிச் சின்னத்திலோ படையின் பெயரும் எண்ணும் அரசின் முடியும் இருக்கும். அதனைத் தாங்கி மடிந்தவன் பெயர் இராது. அதனால்தான் திரட்டுபவர்க்கு ஒரு கடமை உண்டாகின்றது. சின்னத்தைத் துலக்குவதோடு நில்லாமல், அப்படை எங்கே சென்றது, எவரை எதிர்த்தது, அதில் நம்மவர் யார் இருந்தார் என்றும் தேடி எழுதிவைத்தல் வேண்டும்.

நம் இல்லங்களிலும் படைக்குச் சென்ற பாட்டனார் ஒருவரைப் பற்றிய பேச்சு இருக்கலாம். முதியோர் இருக்கும்போதே கேட்டு, அவர் பெயரை எழுதிவைப்போம். அவ்வெழுத்து நம் பிள்ளைகளுக்கு ஒரு நடுகல்லாக நிற்கும்.