எடுத்து வைப்பதும் போட்டு வைப்பதும்

ஒரு காரை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி, கதவைச் சாத்த ஒரு நிமிஷம். சென்னை என்றால் இடம் தேட இருபது நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அக்டோபரில் ஒரு பெரியவர் இதற்கு இரண்டு முழு நாள் எடுத்துக்கொண்டதைக் கூடவே நின்று பார்த்தேன்.

இடம், கனடாவில் டொரன்டோவை ஒட்டிய மார்க்கம். தங்கை வீட்டுக்கு ஒரு மாதம் போயிருந்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் ஸ்கூலுக்கு. பகலில் எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டுப் பெரியவர்தான். இத்தாலிக்காரர். 1960களில் பையனாகக் கப்பலில் வந்து இறங்கி, நாற்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவர். வயது எழுபத்தெட்டு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வேறு ஊரில். வீட்டு கராஜில் ஒரு சிவப்பு மஸ்டாங் கார். 1967 மாடல். ஃபோர்டு கம்பெனி மஸ்டாங்கை முதன்முதலாக வெளியிட்டதே 1964-ல்தான். ஆக, வீட்டில் அது ஒரு மூத்த உறுப்பினர்.

அந்த ஊரில் பனி விழுந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். பனி உருகும். கூடவே காரின் அடிப்பாகமும் துருப்பிடிக்கும். அதனால் பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதை வெளியே எடுப்பதே இல்லை.

"இன்னிக்கு இவளைத் தூங்க வைக்கணும். சும்மா இருந்தா வாயேன்" என்று கூப்பிட்டார். கவர் போட்டு மூடுவார், காபி கொடுப்பார் என்று நினைத்துப் போனேன்.

முதலில் குளிப்பாட்டினார். பறவை எச்சம் ஒரு பொட்டு இருந்தால்கூட ஆறு மாதத்தில் பெயின்டை அரித்துவிடுமாம். சக்கரத்துக்கு மேலே உள்பக்கமெல்லாம் கையை விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாக்ஸ் போட்டார். பிறகு பெட்ரோல் பங்க் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தோம். "நிறுத்தப் போற வண்டிக்கு எதுக்குங்க ஃபுல் டேங்க்?" என்றேன். டேங்க் காலியாக இருந்தால் அந்த இடத்தில் காற்று இருக்கும். காற்றில் ஈரம் இருக்கும். குளிரில் அது தண்ணீராக இறங்கும். பெட்ரோலும் வைத்தால் வைத்தபடி இருக்காது, நாளாக ஆகப் பிசினாகிவிடும். அதற்கு ஒரு மருந்து ஊற்றினார். அந்த மருந்து கார்புரேட்டர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கராஜ் கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டார். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளையே கொன்றுவிடும்.

அப்புறம் ஆயில். போன மாதிரியே ஓடுகிற ஆயில்தானே, வசந்தத்தில் மாற்றினால் போதாதா? போதாது. ஓடின ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஆறு மாதம் அதில் இன்ஜின் ஊறிக் கிடக்கக்கூடாது. "அழுக்கோட தூங்கப் போகலாமா?" என்றார். ரேடியேட்டரில் கூலன்ட்டைச் சோதித்தார். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். வெறும் தண்ணீரென்றால் உறையும்போது பருத்து இன்ஜினையே பிளந்துவிடும்.

முதல் நாள் முடிந்தது. மறுநாள் பேட்டரியைக் கழற்றி, மின்சாரத்தை மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஒரு சின்ன சார்ஜரில் மாட்டினார். முழுசாக சார்ஜ் ஆன பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10-லேயே உறைந்துவிடும். (மனுஷர்களும் அப்படித்தான் என்று நான் சொல்ல வந்தேன். அவர் ஸ்பேனரைக் கேட்டதால் விட்டுவிட்டேன்.) டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டினார். ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் டயர் அடியில் தட்டையாகிவிடும். ஹேண்ட்பிரேக் போடவே இல்லை. போட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் லாரிக்காரர்கள் மாதிரி சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்.

கடைசியில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஒரு பந்து எடுத்து சைலன்ஸர் குழாய்க்குள் திணித்தார். குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் சுண்டெலி அந்த வழியாகத்தான் போய்க் குடும்பம் நடத்துமாம்.

எல்லாம் முடிந்து துணிக் கவர் போடுவதற்கு முன்னால் ஒரு அட்டையைக் கிழித்து மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினார். 'சைலன்ஸரில் கம்பி நார் இருக்கிறது. எடுக்காமல் ஸ்டார்ட் செய்யாதே. பேட்டரி அலமாரியில். ஹேண்ட்பிரேக் போடவில்லை, சக்கரத்தில் கட்டை.' அதை ஸ்டீரிங்கில் கட்டித் தொங்கவிட்டார்.

"நீங்க செஞ்சது உங்களுக்கே மறந்துடுமா?" என்று சிரித்தேன்.

"எனக்கு மறக்காது. ஆனா ஏப்ரல்ல சாவி போடறது நானாத்தான் இருக்கணும்னு என்ன இருக்கு? ஜனவரியில எனக்கு இதயத்துல வால்வு ஆபரேஷன்" என்றார். காபி போட உள்ளே போனார்.

நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சும்மா வைத்திருந்தால் ஒரு பொருள் கெடாது என்று நாம் நம்புகிறோம். உபயோகித்தால்தானே தேயும்? 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பெட்ரோல் மிச்சம், தேய்மானம் மிச்சம். இரண்டு மாதம் கழித்து அபார்ட்மென்ட் கீழே போய்ச் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி செத்திருந்தது. போனட்டைத் திறந்தால் எலி ஒயரைக் கடித்துக் குதறி வைத்திருந்தது. எங்கள் வரிசையில் பாதிக் காருக்கு அதே கதி. மெக்கானிக் பையன் சொன்னான்: "சார், ஓட்டி ரிப்பேராகிற வண்டியவிட ஓட்டாம ரிப்பேராகிற வண்டிதான் சார் இப்ப ஜாஸ்தி."

அன்றைக்கு நான் செய்ததற்கும் மார்க்கம் பெரியவர் செய்ததற்கும் என் அம்மாவிடம் இரண்டு தனி வார்த்தைகள் இருந்தன. எடுத்து வைப்பது, போட்டு வைப்பது. பட்டுப்புடவையை அம்மா எடுத்து வைப்பாள். பிளாஸ்டிக் பையில் அல்ல, மூச்சு விடவேண்டும் என்று பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பாள். சில மாதத்துக்கு ஒருதடவை பிரித்து மடிப்பை மாற்றுவாள். இல்லாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே விட்டுப்போகும். பரண் மேலே நாங்கள் எறிந்தவையெல்லாம் போட்டு வைத்தவை. இரண்டையும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டும் கண்ணுக்கு மறைவாக, உபயோகத்தில் இல்லாமல் இருக்கின்றன. வித்தியாசம், திரும்பி எடுக்கும் எண்ணம் இருக்கிறதா என்பதில்தான். அந்த எண்ணம் வெறும் மனசில் இருந்தால் போதாது. கம்பி நாராக, கட்டையாக, ஸ்டீரிங்கில் தொங்கும் அட்டையாக அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. காரணம் என் பெரியண்ணன்.

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு. விற்கலாம் என்றேன் நான். விற்கக்கூடாது என்றான் அவன். ஒரு சாயங்காலம் இருவரும் சொல்லக்கூடாததைச் சொல்லிக்கொண்டோம். "கொஞ்ச நாள் ஆறட்டும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நல்ல யோசனைதான். கோபத்தில் பேசினால் இன்னும் கெடும். சில உறவுகளுக்கு ஒரு பனிக்காலம் தேவைதான் என்று இப்போதும் நம்புகிறேன். உப்பு கொட்டிய ரோட்டில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது வீரம் இல்லை.

ஆனால் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதுவரை நான் அண்ணனை எடுத்து வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க்கம் கராஜில் நின்றபோதுதான் போட்டு வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அழுக்கு ஆயிலைக்கூட மாற்றவில்லை. அந்தச் சாயங்காலம் பேசின பேச்சு அப்படியே உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது.

"தீபாவளிக்கு போன் பண்றேனே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு நிமிஷம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், பசங்க எப்படி, வச்சிடட்டுமா.

அதற்கும் பெரியவர் பதில் வைத்திருந்தார். காபி குடிக்கும்போது கேட்டேன்: "நடுவுல அப்பப்போ அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பீங்களா?" நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம். அவர் தலையை ஆட்டினார். "அதைவிடக் கெடுதல் வேற இல்ல" என்றார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜினும் குழாயும் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எதுவும் சூடேறாது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி, சைலன்ஸரையும் ஆயிலையும் கெடுக்கும். "ஒண்ணு, சூடேற வரைக்கும் ஓட்டு. இல்ல, தொடாம விடு."

ராத்திரி சாப்பிடும்போது தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். தத்துவம் பேசினால் அவளுக்குப் பிடிக்காது.

"அப்ப ரெண்டு நிமிஷ போனும் பண்ணாதேங்கிறியா சின்னண்ணே? அதுவும் இல்லேன்னா உயிரோட இருக்கானா இல்லையான்னே தெரியாதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியண்ணன் என்ன காரா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரி. காரை ஆறு மாதம் மூடி வைத்தால் காருக்கு ஒன்றும் தெரியாது. அது காத்திருப்பதில்லை. நாம் தள்ளி வைக்கிற மனுஷன் காத்திருக்கிறான். நம் பனிக்காலத்தில் அவனுக்கும் வயதாகிறது. அவனுக்கும் முட்டி வலிக்கிறது, அவன் வீட்டிலும் கல்யாணம் வருகிறது, ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது. ஓர் உறவைச் சிறிது காலம் நிறுத்தி வைக்க நமக்கு உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஆனால் நிறுத்தியிருக்கிறோம் என்பதை எதிராளியிடம் சொல்லாமல் நிறுத்தி வைக்க உரிமை இல்லை. என் அட்டை என் சட்டைப்பையில் இருந்து என்ன பிரயோஜனம்? அது அவன் கண்ணில் படும் இடத்தில் அல்லவா தொங்க வேண்டும்? 'இது கைவிட்ட வண்டி இல்லை. இன்ன இன்ன இடத்தில் அடைப்பு இருக்கிறது. இன்ன மாதம் திரும்ப எடுப்போம்.'

தங்கை கேள்விக்கும் அதில்தான் பதில் இருப்பதாகத் தோன்றியது. இரண்டு நிமிஷ போன் தப்பில்லை. எல்லாம் சரியாக இருப்பது போல நடிக்கிற இரண்டு நிமிஷ போன்தான் உள்ளே தண்ணீர் சேர்க்கிறது. அதே இரண்டு நிமிஷத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு வைக்கலாம்.

நவம்பரில் ஊருக்குத் திரும்பினேன். ஏற்கெனவே தீபாவளி முடிந்திருந்தது. பண்டிகை இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு போன் பண்ணினேன். அவன் பதறிவிட்டான். "என்னடா, யாருக்கு என்ன?" நாங்கள் எந்த நிலைமையில் இருக்கிறோம் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்தது.

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே. வீட்டு விஷயம் இன்னும் எனக்கு ஆறல. அன்னிக்கு நான் பேசினதும் தப்பு, நீ பேசினதும் தப்பு. இப்ப பேசினா திரும்பவும் சண்டைதான் வரும். பொங்கல் கழிச்சு நேர்ல வரேன். உக்காந்து பேசலாம். அதுவரைக்கும் நான் பேசலேன்னா உன்னை விட்டுட்டேன்னு நினைச்சுக்காதே" என்றேன். வீட்டில் எழுதி வைத்துப் படித்துப் பார்த்த வசனம்தான். ஆனாலும் குரல் நடுங்கியது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு அண்ணன் கேட்டான்: "பொங்கல் கழிச்சுன்னா, என்ன தேதி?"