ஓதும் வாயும் கேட்கும் செவியும்

ஆங்கிலத்தில் ‘ஓரல்’, ‘ஆரல்’ என்று இரு சொற்கள் உண்டு. முன்னது வாயைக் குறிக்கும் ‘ஓஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழியிலும், பின்னது செவியைக் குறிக்கும் ‘ஆரிஸ்’ என்னும் சொல்லின் வழியிலும் வந்தவை. ஆங்கிலம் பேசுவோர் பலரின் நாவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒலியாகிவிடுவதால், ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுவது அங்கே பழகிப்போன பிழை. ஏட்டில் ஏறாமலே நெடுங்காலம் வாழ்ந்த சமயப் பாடல்களை ‘வாய்மொழி மரபு’ என்று மட்டும் வகைப்படுத்தி, அவற்றைக் காத்த செவியை மறந்துவிடும் ஆய்வுகளில் அதே மயக்கம் கருத்தளவில் நேர்கிறது. பழந்தமிழ் வழக்கில் வேதத்துக்கு ‘ஓத்து’ என்றும் பெயர், ‘கேள்வி’ என்றும் பெயர். ஒன்று வாயின் தொழிலால் அமைந்தது, மற்றது செவியின் தொழிலால் அமைந்தது.

திருமொழி குடிகொள்ளும் இடம் ஓதுபவரின் வாயா, கேட்பவரின் செவியா என்பது மெய்யியல் வினாவும் ஆகும். சொல் என்றும் உள்ளது, நாவும் காற்றும் எழுப்பும் ஒலி அதை வெளிப்படுத்துமே தவிரப் படைப்பதில்லை என்பது மீமாம்சகர் கொள்கை. அவர்கள் சொல்லைச் ‘சப்தம்’ என்றும், அதை வெளிப்படுத்தும் ஓசையைத் ‘தொனி’ என்றும் பிரித்தார்கள். அந்தப் பிரிவை ஏற்றால், வாய் சொல்லுக்குப் பிறப்பிடம் ஆகாது. சொல் கடந்து போகும் வாயிலே ஆகும்.

பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் திருப்பாவையிலிருந்தே தொடங்கலாம். அதன் ஐந்தாம் பாசுரம் மலர் தூவித் தொழுவதையும், வாயால் பாடுவதையும், மனத்தால் எண்ணுவதையும் சொல்கிறது. செவிக்கு அங்கே இடமில்லை. தோழியரைத் துயிலெழுப்பும் பாசுரங்கள் ஆறாம் பாட்டில் தொடங்கியதும் நிலை மாறுகிறது. பறவைகளின் ஒலி, கோயில் சங்கின் முழக்கம், முனிவரும் யோகியரும் சொல்லும் அரியின் நாமம் ஆகிய எல்லாம் உறங்குபவளின் செவியைத் தேடி வருகின்றன, அந்த நாமமோ உள்ளம் வரை புகுந்து குளிர்விக்கிறது. ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் பறவைகள் கலந்தெழுப்பும் ஓசையை ஆண்டாள் ‘பேச்சரவம்’ என்று ஒரே தொடராக்குகிறாள். பேச்சு என்றால் பொருள் உண்டு. அரவம் என்றால் வெறும் ஓசை. பொருள் விளங்காதபோதும் அது பேச்சே என்று அறியும் செவியை இவ்வளவு நுட்பமாகச் சுட்டிய தொடர் வேறு எளிதில் கிடைக்காது. அதே பாசுரத்தில், கேசவனின் புகழ் பாடப்படுவதைக் கேட்டும் எழாமல் கிடக்கும் பெண்ணைச் சோம்பல் மிக்கவள் என்று கொள்வதைவிட, கேட்பதிலேயே நிறைவெய்திக் கிடப்பவள் என்று கொள்வது பாட்டுக்குப் பொருந்தும்.

ஆழ்வார்களின் பாசுரத் தொகுப்பான பிரபந்தத்தின் வரலாறும் செவியையே முன்நிறுத்துகிறது. காட்டுமன்னார்கோயிலில் யாத்திரிகர் பாடிய ஒரு பதிகத்தை நாதமுனிகள் கேட்டதும், ஆயிரத்துள் பத்து என்று அதன் இறுதிப் பாட்டு சொன்னதைக் கொண்டு எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டதும் குருபரம்பரை கூறும் செய்திகள். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விரிவுரை ‘ஈடு’ என்னும் நூலாக நிற்பதும், கேட்டிருந்த வடக்குத் திருவீதிப்பிள்ளை அதை ஏட்டில் எழுதியதாலேயே ஆகும். அருளிச்செயல் எனப்படும் இப்பாசுரங்களைக் கற்பிக்கும் ‘சந்தை’ முறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வர். பிழையைக் கண்டு திருத்துவது ஆசிரியரின் செவி.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆண்டாளின் கதையை ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காவியமாகக் கிருஷ்ணதேவராயர் இயற்றியதும் தெலுங்கில்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாசுரமொழி, வீட்டில் தெலுங்கு கேட்டு வளரும் குழந்தையை மட்டுமன்று, தமிழ் மட்டுமே அறிந்த குழந்தையையும் முதலில் ஓசையாகவே சென்றடைகிறது. பொருள் பின்னர், சில வேளை பல ஆண்டுகள் கழித்தே, வந்து சேர்கிறது. பொருளறியாத அந்த இடைக்காலத்தை வீண் என்று தள்ளுவது தவறு. செவியில் தங்கிய ஓசை இல்லையேல், பின்னர் வரும் பொருளுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இராது.

மார்கழி அத்யயன உற்சவத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழும் அரையர் சேவை, வாயா செவியா என்னும் வினாவை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது. குல்லாய் அணிந்து, கையில் தாளமேந்தி, பாசுரத்தை இசைத்தும் அபிநயித்தும் வழிவழி வந்த உரையைச் சொல்லியும் நிற்கும் அரையருக்கு ‘விண்ணப்பம் செய்வார்’ என்பது பழைய பெயர். விண்ணப்பம் என்பது கேட்பவர் ஒருவர் இருந்தாலன்றிப் பொருள்படாத செயல். ஆகவே அங்கே கூடியிருக்கும் அடியார்கள் உடனிருந்து கேட்பவர்களே; அரையர் யாரை நோக்கிப் பாடுகிறாரோ, அந்தச் செவி சந்நிதியில் எழுந்தருளியிருக்கும் இறைவனுடையது.