பிழைத்தது வேறு, வென்றது வேறு

இந்திய சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரோல்டைப் பற்றி எழுதும் எவரும் அந்த மரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபார் தீவைச் சுனாமி அலை மூடியபோது அவருக்கு ஒன்பது வயது. மரமொன்றைப் பற்றிக்கொண்டு, இலையையும் பட்டையையும் தின்று, ஐந்து நாள் உயிரோடு இருந்தார் என்று செய்திகள் சொல்கின்றன. அதே காலையில் சற்றுப் பிந்தி அதே கடல் எங்கள் முல்லைத்தீவுக்குள்ளும் ஏறியது. அந்த மரத்தை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் அந்தத் தொடக்கத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2015 டிசம்பரில் டெபோரா 500 மீற்றர் நேரக்கணிப்பு ஓட்டத்தில் உலகத் தரவரிசையின் 4ஆம் இடத்தில் நின்றார். அதற்கு முன் எந்த இந்திய சைக்கிள் வீரரும் அங்கே நின்றதில்லை. மரத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவே பதினொரு வருடங்கள் கிடக்கின்றன. அந்தப் பதினொரு வருடத்தைப் பற்றி எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சைக்கிளுக்குப் பிறேக் இல்லை. ஒரேயொரு கியர்தான். பின்சில்லு சுழலும்வரை மிதியும் சுழலும், காலை ஓய விட முடியாது. 250 மீற்றர் மரத்தளப் பாதை, வளைவுகளில் நாற்பது பாகைக்கு மேல் சரிந்து நிற்கும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு இரண்டே சுற்று. கியர் பாரமானது என்பதால் முதல் அரைச்சுற்று முழுவதும் இருக்கையை விட்டு எழும்பி, உடம்பின் பாரத்தையெல்லாம் மிதியில் இறக்க வேண்டும். வேகம் பிடித்த பிறகு குனிந்து, அசையாமல், எரிகிற தொடைகளோடு முடிவுக் கோடுவரை. இதில் அரைச் செக்கன் குறைக்க வருடக்கணக்கில் பாரம் தூக்க வேண்டும், புறப்படுகிற அந்த முதல் மிதியைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும், நேரம் எடுக்கவும் பிழை சொல்லவும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மரம் இதில் எதையும் கற்றுத் தராது.

வன்னியில் இருப்பதால்தான் இது எனக்கு உறைக்கிறது. எங்கள் பிள்ளையொன்று தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்தால், வருகிற முதல் கேள்வி போரைப் பற்றியது. எந்த முகாமில் இருந்தீர்கள், வீட்டில் யாரை இழந்தீர்கள். பிறகு, “கஷ்டப்பட்ட பிள்ளை, அந்த வைராக்கியந்தான்” என்று முடித்துவிடுவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கொடுமை இருக்கிறது. வைராக்கியந்தான் காப்பாற்றியது என்றால், 2004 அலையிலும் 2009 போரிலும் போனவர்களுக்கு அது குறைவாக இருந்ததா? பிழைத்தவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவே இருந்தது பெரும்பாலும் ஒரு கணமோ ஓர் அடி தூரமோதான். அதைத் தகுதியாக்கிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. துயரமே வீரரை உருவாக்கிவிடும் என்று நம்பிவிட்டால் ஓடுபாதை யாருக்குத் தேவை? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, தண்ணீர், நோயாளி, அரிசி மூட்டை எல்லாம் கரியரில் போயின. இன்றைக்கும் பெண்பிள்ளைகள் கிரவல் வீதியில் எதிர்காற்றுக்கு மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் கால்களில் பலம் இல்லையென்று யார் சொல்வார்? ஆனால் மரத்தளப் பாதை ஒன்று வன்னியில் கிடையாது. டெபோராவுக்கு டெல்லியில் 2010 பொதுநலவாய விளையாட்டுக்காகக் கட்டிய பாதை கிடைத்தது. அந்த வேறுபாட்டை மனவுறுதி என்ற பெயரால் மூடிவிடக் கூடாது.

அவுஸ்திரேலிய சைக்கிள் வீராங்கனை அன்னா மியர்ஸ் 2008 ஜனவரியில் விழுந்து கழுத்தெலும்பை முறித்தார். ஏழு மாதத்தில் பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார். அவருடைய துணிவு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் விழுந்த மறுநாளிலிருந்து அவரைத் தூக்கி நிறுத்த ஒரு நாட்டின் விளையாட்டு அமைப்பே பின்னால் இருந்தது.

டெபோராவுக்கு அது அப்படி அமையவில்லை. அவர் சிறந்து நின்ற 500 மீற்றர் ஓட்டம் 2000இலும் 2004இலும் மட்டுமே ஒலிம்பிக்கில் இருந்தது. அலை வருவதற்கு நான்கு மாதம் முன்பு ஏதென்ஸில் அதன் கடைசிப் பதக்கத்தைக் கொடுத்து முடித்துவிட்டார்கள், வென்றவர் இதே மியர்ஸ். பெண்களுக்கான அந்தத் தூரத்தை இப்போது உலகப் போட்டிகளிலும் 1 கிலோமீற்றராக மாற்றிவிட்டார்கள். தேசிய அணியில் தனக்கு நடந்த மோசமான நடத்தையையும் தான் நீக்கப்பட்டதையும் டெபோரா 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். கடல் செய்ததைக் கேட்க ஓடிவந்த அளவுக்கு மனிதர் செய்ததைக் கேட்க ஆட்கள் வரவில்லை.

முல்லைத்தீவில் இனி ஒரு பிள்ளை வென்று வரும்போது எனக்கு அவளிடம் கேட்க நிறைய இருக்கிறது. எத்தனை செக்கன்? போன வருடத்தை விட எவ்வளவு குறைத்தாய்? மாரிமழைக்கு எங்கே பழகினாய்? நேரம் எடுத்தது யார்? சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? அடுத்த போட்டிக்குப் பஸ் காசு இருக்கிறதா? மற்றதை அவள் சொல்ல விரும்பினால், விரும்புகிற நாளில் சொல்லட்டும்.