ஒரே வண்டிக்கு இரண்டு உடைகள்

தேர்ந்தெடுக்கும் ஆற்றலே மனிதனுக்குப் பெருமை தருவது என்பர். விலங்கு தன் இயல்பின் வழியே நடக்கிறது. மனிதனோ இரண்டு வழிகளை எதிரே வைத்து, சீர்தூக்கிப் பார்த்து, ஒன்றைக் கைக்கொள்கிறான். இதனை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், எந்த இரண்டு வழிகள் நம் எதிரே வைக்கப்பட வேண்டும் என்பதை வேறொருவர் முன்னதாகவே முடிவு செய்துவிட்டால், அதன்பின் நாம் செய்யும் தேர்வு எந்த அளவுக்கு நம்முடையது? இவ்வினா தத்துவ நூல்களில் மட்டும் எழுவதன்று. சிறு கார் ஒன்றை வாங்கப் புறப்படும் நடுத்தரக் குடும்பமும் இதனைச் சந்திக்கவே செய்கிறது.

விற்பனைக் கூடத்தில் ஒரே கார் பல ரகங்களாக நிற்கிறது. அடிப்படை ரகம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. வெளிச்சத்தில் நிற்பவை இரண்டு. ஒன்று, பந்தயக் காரின் சாயல் கொண்ட ஸ்போர்ட்ஸ் ரகம். மற்றொன்று, மெத்தென்ற இருக்கையும் பளபளப்பான அலங்காரமும் கொண்ட சொகுசு ரகம். “இதுவா, அதுவா?” என்று விற்பவர் வினவுகிறார். வாங்குபவரும் அதையே தமக்குள் வினவிக் கொள்கிறார். இவ்விரண்டும் நமக்குத் தேவைதானா என்னும் மூன்றாம் வினா எழுவதற்கு இடமே இருப்பதில்லை.

இந்த இருமுனைத் தேர்வின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், இங்கிலாந்தின் ‘மினி’ காரைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

1956ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் நெருக்கடி ஏற்பட்டது. இங்கிலாந்தில் பெட்ரோல் பங்கீட்டு முறையில் வழங்கப்படும் நிலை உண்டாயிற்று. குறைந்த பெட்ரோலில் ஒரு குடும்பம் பயணம் செய்யக்கூடிய சிறு கார் ஒன்று வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு விரும்பினார். அப்பணி அலெக் இஸிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1906இல், உதுமானியப் பேரரசின் துறைமுக நகராயிருந்த இஸ்மிரில் பிறந்தவர் அவர். பத்தடி நீளமே உள்ள வண்டியில் நால்வர் நிம்மதியாக அமர வழி செய்தார். அதற்காக எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார்; கியர் பெட்டியை அதன் அடியிலேயே பொருத்தினார்; சக்கரங்களைப் பத்து அங்குலமாகச் சுருக்கினார். கதவுக் கண்ணாடிகளைப் பக்கவாட்டில் நகர்த்தும்படி அமைத்து, அதனால் கதவின் உட்புறத்தில் மிஞ்சிய இடத்தைப் பொருள் வைக்கும் பையாக்கினார். 1959இல் வெளிவந்த அந்த வண்டியின் எஞ்சின் 848 சி.சி.; அதன் திறன் 34 குதிரைத் திறன்; விலை 500 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வோர் அங்குலமும் தேவையை முன்னிட்டு அளக்கப்பட்ட வண்டி அது.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1961இல் அதே மினிக்கு இரண்டு புதிய உடைகள் தைக்கப்பட்டன.

முதலாவது ‘மினி கூப்பர்’. பந்தயக் கார்களைக் கட்டிப் புகழ் பெற்றிருந்த ஜான் கூப்பரின் யோசனை அது. குடும்ப வண்டியைப் பந்தய வண்டியாக்குவதில் இஸிகோனிஸுக்குத் தொடக்கத்தில் விருப்பமில்லை. எனினும் 997 சி.சி. எஞ்சினும் 55 குதிரைத் திறனும் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் கொண்டு அவ்வண்டி வெளிவந்தது. அதன் வழிவந்த கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ போட்டியில் வாகை சூடியது.

இரண்டாவது உடை ‘ரைலி எல்ஃப்’, ‘உல்ஸ்லி ஹார்னெட்’ என்னும் இரட்டையர். ரைலியும் உல்ஸ்லியும் முன்னொரு காலத்தில் பெருமையோடு விளங்கிய தனித்தனிக் கம்பெனிகளின் பெயர்கள். அப்பெயர்களைச் சூட்டி, மினியின் முகத்தில் பழங்காலப் பெரிய கார்களுக்குரிய கிரிலைப் பதித்து, பின்புறம் டிக்கியை நீட்டி, உள்ளே மரப் பலகை வேலைப்பாட்டைச் சேர்த்தனர். எஞ்சினோ பழைய 848 சி.சி.யேதான். எடை கூடியதால் வண்டி மெதுவாயிற்று. கூப்பரின் விலையும் இவற்றின் விலையும் 700 பவுண்டை ஒட்டியே இருந்தன. எனவே ஏறத்தாழ ஒரே பணத்துக்கு ஒருவர் வேகத்தையும் கொள்ளலாம், சொகுசையும் கொள்ளலாம்.

இவ்விரண்டில் எது மேல்? இரண்டுக்கும் நேர்மையான நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஸ்போர்ட்ஸ் ரகத்தை விரும்புபவர் எல்லாரும் வீண் ஆடம்பரக்காரர் அல்லர். வளைவில் தடுமாறாத வண்டி, நினைத்த இடத்தில் நிற்கும் பிரேக், முந்திச் செல்ல வேண்டிய வேளையில் துணை நிற்கும் வலிமை ஆகியவை மெய்யான பயன்கள். நன்றாக இயங்கும் கருவியைத் திறமையோடு கையாளுவதில் உள்ள இன்பமும் பழிக்கத்தக்கதன்று. நல்ல உளியைக் கையில் ஏந்தும் தச்சனின் இன்பம் அது. சொகுசை விரும்புபவரிடமும் நியாயம் இருக்கிறது. மூட்டு வலியுள்ள தாயும் மடியில் குழந்தையை ஏந்திய மனைவியும் நெடுந்தூரம் செல்லும்போது, நல்ல இருக்கை என்பது அன்பின் வெளிப்பாடே ஆகும். ஸ்போர்ட்ஸ் ரகத்தின் பயன் பெரும்பாலும் ஓட்டுபவருக்கு; சொகுசின் பயன் உடன் அமர்ந்திருப்பவர்களுக்கு. இந்த அளவில் நோக்கினால், சொகுசே சற்று உயர்ந்த ஒழுக்கம் உடையதாகத் தோன்றும்.

ஆனால், எல்ஃபின் கிரிலால் எந்தத் தாயின் முழங்கால் வலி குறையும்? அது உள்ளே இருப்பவருக்காக அன்று, தெருவில் நிற்பவருக்காகப் பொருத்தப்பட்டது. அதுபோலவே, பந்தயக் கோடுகளைத் தீட்டிவிட்டு எஞ்சினை மாற்றாமல் விடும் ஸ்போர்ட்ஸ் ரகங்களும் உண்டு. ஓட்டுபவர், உடனிருப்பவர் ஆகிய இருவரையும் கடந்து, பார்ப்பவர் என்னும் மூன்றாம் ஆள் இங்கே நுழைந்துவிடுகிறார். நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அவருடைய கண்ணுக்குச் செலுத்தும் காணிக்கை.

இவர்களுக்கு அப்பால் நான்காம் ஆள் ஒருவரும் இருக்கிறார். அவர் அந்தச் சாலையில் நடந்து செல்பவர். கூப்பரில் இருந்த டிஸ்க் பிரேக்கை அவர் பொருட்டு எண்ணிப் பாருங்கள். வேகமாக ஓடும் வண்டிக்கு நல்ல பிரேக் வேண்டும் என்பது சரியே. மெதுவாக ஓடும் வண்டியின் குறுக்கே குழந்தை ஓடிவராதா? எனினும் இங்கிலாந்தின் சாதாரண மினிக்கு முன் சக்கர டிஸ்க் பிரேக் 1984இல்தான் கிடைத்தது. 1961இலிருந்து கணக்கிட்டால் இருபத்துமூன்று ஆண்டுகள். இதற்கு மாறாக, சுழற்றி ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி என்னும் சொகுசு 1966இல் எல்ஃபுக்கும் ஹார்னெட்டுக்கும் வந்தது. 1969இல் சாதாரண மினிக்கும் வந்துவிட்டது. அதற்கு மூன்றே ஆண்டுகள் ஆயின. கண்ணாடியைப் பிரேக்குடன் முழுதும் ஒப்பிட இயலாது. செலவும் தொழில்நுட்பமும் வேறு வேறு. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் வசதி விரைந்து பரவியதையும், உயிரைக் காக்கும் வசதி தாமதித்து நடந்ததையும் அந்த இரு கணக்குகளும் சொல்லாமல் சொல்கின்றன.

இது இங்கிலாந்தின் பழங்கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டிலும் நெடுங்காலம், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், மோதும்போது விரிந்து தாங்கும் ஏர்பேக் என்னும் காற்றுப் பையும் பல சிறு கார்களில் உயர்ந்த ரகங்களுக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. மெத்தையும் பாட்டுப் பெட்டியும் வாங்குபவருக்கே உயிர்க் காப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ்.ஸும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் புதிய கார்களுக்குச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டன. ஓட்டுநரின் அருகில் அமர்பவருக்கான ஏர்பேக், 2021இல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. சட்டம் தலையிடும் வரை, ஏழையின் நெஞ்சும் செல்வனின் நெஞ்சும் ஒரே வண்டியின் இரண்டு ரகங்களில் இரண்டு விலை பெற்றிருந்தன.

வேறு வழியும் இருந்தது. மினி பிறந்த அதே 1959இல், ஸ்வீடனின் வால்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் அமைத்த மூன்று முனை சீட் பெல்ட் கார்களில் பொருத்தப்பட்டது. அதன் காப்புரிமையை வால்வோ பிற கம்பெனிகளும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. அதனை உயர்ந்த ரகத்தின் தனிச் சிறப்பாகப் பூட்டி வைத்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. இன்று உலகெங்கும் மிக எளிய காரில் ஏறுபவரும் அந்தப் பட்டையைத்தான் இழுத்து மாட்டிக்கொள்கிறார்.

பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தம் ‘முகத்திமா’வில் மனிதத் தேவைகளை இன்றியமையாதவை, வசதிக்குரியவை, ஆடம்பரமானவை என்று பகுத்துக் காண்கிறார். நகர வாழ்வு செழிக்கச் செழிக்க, ஆடம்பரம் பழக்கமாகிப் பின்னர் தேவையாகவே தோன்றத் தொடங்கும் என்பது அவர் காட்டும் உண்மை. கார் ரகங்களின் வரலாறு இக்கூற்றுக்கு உரை எழுதியது போல் அமைந்துள்ளது. ஆயினும் அதில் ஒரு திருப்பமும் உண்டு. ரகம் பிரிப்பவர் கையில், இன்றியமையாத ஒன்றுகூட ஆடம்பரத்தின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தப்படக்கூடும். பிரேக்குக்கு நேர்ந்தது அதுவே.

அப்படியானால் அடிப்படை ரகத்தை வாங்குவதே அறம் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதன்று. சிக்கனத்தின் குழந்தையாகப் பிறந்த மினி, 1960களில் இலண்டன் நாகரிகத்தின் சின்னமாகிவிட்டது. நடிகர் பீட்டர் செல்லர்ஸ் தம் மினியின் பக்கங்களில் பிரம்புப் பின்னல் போன்ற வேலைப்பாட்டைச் செய்வித்துக்கொண்டார். பெரும் செல்வர்கள் பெரிய காரை விட்டுச் சிறிய காரில் வந்து இறங்குவதையே ஒரு பகட்டாக்கினர். எளிமையையும் காட்சிப் பொருளாக்க மனிதனால் இயலும். “நான் சாதாரண ரகம்தான் வாங்கினேன்” என்று பத்துப் பேரிடம் சொல்லித் திரிபவரும் பார்ப்பவர் கண்ணுக்கே காணிக்கை செலுத்துகிறார். ஆகவே குற்றம் ரகத்தில் இல்லை. ரகத்தை நாடும் மனம் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதிலேயே அனைத்தும் அடங்கியுள்ளது.

“உழைத்து ஈட்டிய பணம், விரும்பியதை வாங்க எனக்கு உரிமை இல்லையா?” என்று ஒருவர் கேட்கலாம். உரிமை உண்டு. அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே நாம் சொல்வது. விற்பவர் வகுத்த இரண்டு வழிகளுக்குள் அதனைச் சுருக்கிக் கொள்ளாமல், குடும்பமாக அமர்ந்து சில வினாக்களை எழுப்பலாம். பெயர்த் தகட்டையும் அலங்காரத்தையும் கழற்றிவிட்டால், இதே விலைக்கு இதனை வாங்குவோமா? கூடுதல் பணத்தின் பயன் ஓட்டுபவருக்கா, உடன் வருபவருக்கா, சாலையில் நடப்பவருக்கா, வேடிக்கை பார்ப்பவருக்கா? உயிர்க் காப்புக்குரிய பொருள்கள் எந்த ரகத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன? அவற்றின் பொருட்டு உயர்ந்த ரகத்தை வாங்குவது ஆடம்பரம் ஆகாது. அவை கீழ் ரகத்திலேயே கிடைத்தால், மிஞ்சும் பணம் வேறு எந்தக் கடமைக்காகக் காத்திருக்கிறது?

இவ்வினாக்களுக்குப் பின்னரும் ஒரு குடும்பம் ஸ்போர்ட்ஸ் ரகத்தையே தேர்ந்தெடுக்கலாம். மற்றொன்று சொகுசைத் தேர்ந்தெடுக்கலாம். வேறொன்று இரண்டையும் விடுத்து எளிய ரகத்தோடு திரும்பலாம். மூவரும் சரியாகவே நடந்தவர் ஆகலாம். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற பின்னர், அதன் பின்புறத்தில் எந்தப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது என்பதை அண்டை வீட்டார் சில வாரங்களில் மறந்துவிடுவர். பிரேக்கை மிதிக்கும் அந்த ஒரு நொடியில், குறுக்கே வந்த குழந்தைக்கு வேண்டியது அந்தப் பெயர் அன்று.