ஓசைக்கு உடைமையாளர் உண்டா

தமக்குரிய இடத்துக்குள், தம் பொருளைக் கொண்டு ஒருவர் எழுப்பும் ஓசை அவருக்கே உரியதா என்னும் வினாவுக்கு, காரில் பொருத்தப்படும் சப்வூஃபர், அதாவது ஏறத்தாழ 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஓசையை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி, தெளிவான விடையைத் தருகிறது. வைசேடிகர் ஓசையை ஆகாயத்தின் குணம் என்றனர். செவியும் அவர்களுக்குக் காதின் துளைக்குள் அடங்கிய ஆகாயமே. மீமாஞ்சகரோ சொல்லின் ஒலியை என்றும் உள்ளதாகக் கொண்டு, முயற்சி அதை வெளிப்படுத்துகிறதேயன்றிப் படைப்பதில்லை என்றனர். வழி வேறாயினும், ஓசையை எழுப்பும் கருவியே அதன் இருப்பிடம் என இருவரும் கொள்ளவில்லை.

இணைப்பு வேலையில் நேரும் ஒரு பிழை இதைக் கண்முன் காட்டுகிறது. 4 ஓம் தடையுள்ள இரண்டு சப்வூஃபர்களை ஆம்ப்ளிஃபையருடன் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தத் தடை 2 ஓம் ஆகும். அதைத் தாங்கும் ஆம்ப் எனில் இரண்டும் சேர்ந்து முழங்கும். ஒன்றில் மட்டும் ப்ளஸ், மைனஸ் வயர்கள் மாறிவிட்டால், ஒரு கூம்பு காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுக்க, பாஸ் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கூம்புகள் இரண்டும் ஆடுகின்றன, பேட்டரியின் மின்சாரமும் செலவாகிறது, ஆனால் கேட்பதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆகவே ஓசை நிகழுமிடம் கூம்பன்று, இரண்டுக்கும் பொதுவான வெளியே எனக் கொள்வது பொருந்தும்.

அந்த வெளி காரின் கதவோடு முடிவதுமில்லை. 40 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர், அதாவது சிறிய காரின் நீளத்தைப் போல இரு மடங்கு. இத்தகைய ஓசையை மெல்லிய தகடு தடுத்து நிறுத்துவதில்லை. கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நிற்கும் காரின் பாஸ், பூட்டிய கடையின் ஷட்டரைக் கடகடக்க வைக்கும்போது, குடத்துக்குள் இருக்கும் ஆகாயம் வெளியாகாயத்தினின்று வேறன்று என்ற வேதாந்தியின் கூற்று காதுக்கே எட்டிவிடுகிறது.

ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கும் இதே வினா உண்டு. சென்னையின் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில் ஒரு திருச்சபையின் ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு கூறியது. அது எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும் நேர்மையான தீர்ப்பு. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. ஆனால் அவ்வரம்பு மனிதச் செவியின் கூர்மைக்கேற்பத் திருத்தப்பட்ட அளவில் அமைந்தது. அந்த அளவுமுறை 40 ஹெர்ட்ஸ் ஓசையை ஏறத்தாழ 35 டெசிபல் குறைத்தே கணக்கிடும். செவியை விட நெஞ்சுக்கூட்டில் உணரப்படும் அதிர்வு, அதனால், சட்டத்தின் கருவியிடம் பெருமளவு தப்பிவிடுகிறது.

சைவ சித்தாந்தத்தின் அளவுகோலில் அது தப்புவதில்லை. அங்கே நல்வினை, தீவினை என்பவை இதம், அகிதம் என்று, அதாவது பிற உயிர்க்குச் செய்யும் நன்மை, தீமை என்று வகுக்கப்படுகின்றன. ஓசையின் அளவோ அதை எழுப்பியவரின் உடைமையுரிமையோ அந்தக் கணக்கில் இல்லை. ஷட்டருக்கு மேல்மாடியில் காய்ச்சலோடு படுத்திருப்பவரின் உறக்கம் கலைந்தால், கலைத்தது கார் பாட்டாயினும் அம்மன் பாட்டாயினும் அது அகிதமே.