அவர்கள் என்று எழுதினேன்

போன வருடம் எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அச்சில் இரண்டரைப் பக்கம் வந்தது. பேராசிரியர்கள் பாராட்டினார்கள். மலரை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மா கையில் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க வரிக்கு வரி விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். முடித்துவிட்டுக் கேட்டாள்: "நல்லா எழுதியிருக்கட்டி. இதுல வாறதெல்லாம் யாரு, வேப்பலோட ஆளுகளா?"

தூத்துக்குடிக்குத் தெற்கே, முள்ளக்காட்டுப் பக்கத்து அளங்களில் 22 வருடமாக உப்பு வாருகிறவள் என் அம்மா. வேப்பலோடை வடக்கே, நகரத்தைத் தாண்டிப் போக வேண்டிய ஊர். அங்கேயும் அளங்கள் உண்டு. அம்மா குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தன்னைப்போல வேலை பார்க்கிற யாரோ சில பெண்களைப் பற்றி மகள் எழுதியிருக்கிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி பென்சிலை எடுத்துக்கொண்டு என் கட்டுரையோடு உட்கார்ந்தேன். 'அவர்கள்' 31 இடத்தில் வந்திருந்தது. 'நாம்' 14 இடத்தில். 'நான்' ஓரிடத்திலும் இல்லை. அம்மா என்ற சொல்லும் இல்லை, 'உப்பளத் தாய்மார்கள்' என்று ஒரு தடவை வருகிறது. நாம் உண்ணும் உப்பு, நாம் மறந்த மனிதர்கள், நாம் சிந்திக்க வேண்டிய நேரம் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்த 'நாம்' யார்? மலரை வாசிக்கிற மாணவர்களும் ஆசிரியர்களும் நானும். அவர்களோடு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அம்மாவை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருக்கிறேன்.

அதே பருவத்தில்தான் தேர்வுக்காக உளப்பாட்டுத் தன்மைப் பன்மை படித்தேன். பேசுகிறவர் கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காமல் தன் ஆட்களை மட்டும் சொன்னால் நாங்கள். பழைய தமிழில் வினைச்சொல்லின் விகுதியே இதைக் காட்டிக்கொடுக்கும். அம், ஆம் என்று முடிந்தால் கேட்கிறவரும் உள்ளே, எம், ஏம் என்று முடிந்தால் அவர் வெளியே. இன்று எல்லாவற்றுக்கும் 'ஓம்' ஒன்றுதான். 'உழைத்தோம்' என்று மட்டும் எழுதினால் யாரோடு சேர்ந்து உழைத்தோம் என்று தெரியாது. ஆனால் நாம், நாங்கள் என்று எழுவாயைப் போட்ட உடனே நிற்கிற இடம் தெரிந்துவிடும். இதை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதினேன். என் எழுத்தில் அது என்ன செய்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஏழாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் போய் நிற்கிறது. ஆசிரியர் எழுதித் தருவார், ஐந்து நிமிடத்துக்கு. அவையோரை விளித்துத் தொடங்க வேண்டும். எதுகை மோனை விழ வேண்டும். மூன்று கேள்விகளை அடுக்கிவிட்டு நிறுத்தினால் கைதட்டு வரும். தலைப்பு மரம் வளர்ப்பாக இருந்தாலும் தாய்மொழியாக இருந்தாலும் அச்சு அதே அச்சுதான். அந்தப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூட்டத்தைக் கண்டு நடுங்காமல் நிற்க அதுதான் கற்றுக்கொடுத்தது. ஆனால் அந்த மேடையில் 'நாங்கள்' என்ற சொல்லுக்கு இடமே இல்லை. 'நாங்கள்' என்றால் அவை விலகிவிடும், பரிசு போய்விடும். எட்டு வருடம் 'நாம்' என்றே பேசிப் பேசி, அந்தச் சொல்லுக்கு வெளியே எங்கள் தெருவே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கட்டுரையை நான் தொடங்கியது 1930-ஆம் ஆண்டில். அந்த ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பெடுத்த கதை. முக்கால் பக்கம் அதற்கே போய்விட்டது. பெரிய விஷயத்தில் தொடங்கினால் எங்கள் ஊருக்கும் ஒரு பெருமை வந்து சேரும் என்று நினைத்தேன். அந்தப் போராட்டம் உப்புக்கு வரி வாங்கிய, மக்கள் உப்பெடுப்பதைத் தடுத்த ஆட்சியை எதிர்த்து நடந்தது. அளத்தில் கூலிக்கு நிற்கிறவளின் கால் புண்ணைப் பற்றியது அல்ல. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' ஒன்று. அதற்கு உதாரணம் கேட்டால் இனி என் முதல் பக்கத்தைக் காட்டலாம்.

அதற்குப் பின் வந்த பக்கங்களில் வெண்முத்து வருகிறது, வியர்வைக் கடல் வருகிறது, கண்ணீரின் கரிப்பு வருகிறது. எனக்குத் தெரிந்தது எதுவும் வரவில்லை. வெயில் ஏறும் முன்னே வாரி முடிக்க வேண்டும் என்று அம்மா விடியுமுன் மூன்றரைக்கு எழுந்து போகிறாள். ரப்பர் பூட்ஸுக்குள் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் காலை விடுவாள். கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிற தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி, காய்ந்து காய்ந்து, அடர்த்தி 24 டிகிரி வந்த பிறகுதான் உப்பு விளையும் பாத்திக்குப் போகும். மானியை மிதக்கவிட்டுப் பார்க்கும் முன்பே தண்ணீரின் நிறத்தை வைத்து அம்மா சொல்லிவிடுவாள். சித்திரை வெயிலில் உப்பின் பளபளப்பு கண்ணில் அடித்து அடித்து, சாயங்காலம் வீட்டு வாசலில் நிற்கிற என்னை அடையாளம் தெரியாமல் "யாரது" என்று கேட்பாள். எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் விளைந்து நின்ற உப்பு கரைந்துபோகும். பாத்தியை மறுபடி முதலிலிருந்து தயார் செய்ய வேண்டும். இத்தனையும் தெரிந்த நான் எழுதியது வெண்முத்து.

ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். தூத்துக்குடிக்கு வந்து அளத்து மக்களோடு பேசிப் பழகி 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அதில் வருகிறவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, கோபம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் பெயர் கேட்டு எழுதினார். அளத்துக்காரி மகளான நான் பெயரை எடுத்துவிட்டு எழுதினேன்.

வெட்கப்பட்டேனா என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆமாம், கொஞ்சம் வெட்கம் இருந்தது. விடுதியில் என் அறைத்தோழிகளுக்கு அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று நான் சொன்னதில்லை. 'உப்புக் கம்பெனி' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். 'அவர்கள்' என்பது இலக்கண வசதிக்காக வந்த சொல் இல்லை.

திருப்பி எழுத உட்கார்ந்தபோது முதலில் எல்லா 'அவர்கள்' மேலும் கோடு போட்டு 'நாங்கள்' என்று மாற்றிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் பொய்யாக இருந்தது. அளத்தில் நான் வேலை செய்தது பத்தாம் வகுப்பு விடுமுறையில் 12 நாள் மட்டும். அம்மாவின் 22 வருடத்துக்குள் என் 12 நாளை நுழைத்து 'நாங்கள்' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடைசியில் அம்மா என்றும் நான் என்றும் தனித்தனியாகவே எழுதினேன். அம்மா வாருகிறாள், நான் படிக்கிறேன், என் விடுதிக் கட்டணம் அந்தக் கூலியிலிருந்து போகிறது. சொல்ல வேண்டியது இந்த மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டது.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றக் கை வரவில்லை. பழைய கட்டுரையில் 'அவர்களுக்குக் குறைந்த கூலியே வழங்கப்படுகிறது' என்று இருந்தது. வழங்குவது யார் என்று அதில் இல்லை. செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். அதை நான் தெரியாமல் எழுதவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் மார்கழி வரை அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு அது பற்றாது. மீதிக்கு, கூலி கொடுக்கிற இடத்தில்தான் அம்மா முன்பணம் கேட்டு நிற்க வேண்டும். என் எழுத்தில் ஒரு பெயர் வந்தால் மறுநாள் அந்த வாசலில் நிற்கப்போவது நான் இல்லை.

இதை நானே முடிவு செய்யக்கூடாது என்று அம்மாவிடமே வாசித்துக் காட்டினேன். முதலில் உண்மையைச் சொன்னேன்: "போன வருசம் எழுதினது வேப்பலோடை இல்லம்மா. உன்னைத்தான் எழுதினேன். சரியா எழுதல." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, இத வாசி" என்றாள். முழுக்கக் கேட்டாள். பூட்ஸுக்குள் சுற்றுவது சேலைத் துணி இல்லை, வேட்டித் துணி, சேலை வழுக்கும் என்று திருத்தினாள். கூலி வாக்கியம் வந்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"பேரு போடாத. ஆனா கொடுக்காங்கன்னு எழுது. தானாவா வருது?"

இந்த வருட மலருக்குப் புதிய கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். அதில் 'அவர்கள்' மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் கூலி கொடுக்கிறவர்களைக் குறிப்பவை.