கூட்டிருப்பு

திருவனந்தபுரத்தில் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனால் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "கூட்டிருப்புக்கு யாரு?" என்பது. நோயாளிக்குத் துணையாகக் கூடவே தங்குவதைச் சொல்லும் மலையாளச் சொல்தான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு அது வீட்டுச் சொல்லும்கூட. 1956 நவம்பர் 1-ல் எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. என்றாலும் பெரிய நோய் என்றால் இன்றும் பலர் வடக்கே திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகிறோம். 2019-ல் மூன்று மாதம் அம்மாவுக்கு நான் அங்கே கூட்டிருந்தேன். குமாரபுரத்தில் ஒரு வாடகை அறை, ஒரு ஸ்டவ், கஞ்சிக்கு ஒரு தூக்குப் பாத்திரம். பகலில் அறை, இரவில் வார்டு.

அம்மா எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாற்பது வருஷம் இருந்தவர். ஊரில் சாவு விழுந்தால் அம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டுவது, வெள்ளை உடுத்துவது, தலைமாட்டில் உட்கார்ந்து கீர்த்தனை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். உயிர்த்தெழுதலைப் பற்றி அம்மா பேசும்போது பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போவதுபோலப் பேசுவார். யாரெல்லாம் வருவார்கள், யாரை முதலில் பார்க்கவேண்டும் என்று ஒரு கணக்கே வைத்திருந்தார்.

அந்த அம்மா ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மக்களே, பயமாட்டு இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைன்னா என்ன செய்ய?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவின் விசுவாசத்தில் சாய்ந்துதான் நான் வளர்ந்தேன். என் விசுவாசம் என்று நான் நினைத்ததில் பாதி அவருடையது. அந்தச் சுவரே ஆடினால் நான் எங்கே சாய்வேன்? வேத வசனங்கள் பத்து நினைவுக்கு வந்தன, ஒன்றும் வாயில் வரவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பார்க்க வந்த ஒருவரிடம் அம்மா அதையே சொன்னார். அவர் உடனே, "பயம் வரக்கூடாதும்மா, விசுவாசம் குறைஞ்சாத்தான் பயம் வரும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் பயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் வலிக்கிறது. சாகப்போகிறவரிடமிருந்து பயத்தைச் சொல்லும் உரிமையையும் பிடுங்கிக்கொள்ளும் சமாதானம் கிறிஸ்துவினுடையதாக இருக்க முடியாது என்றே நம்புகிறேன். லாசருவை எழுப்பத்தானே இயேசு போனார்? எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். கெத்செமனேயில் அவருக்கே மரணக் கலக்கம் வந்தது. அப்போது மூன்று சீஷரிடம் அவர் கேட்டது என்ன? விளக்கமோ ஆறுதல் வார்த்தையோ கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி மட்டும் கேட்டார். நான் வாழ்ந்த பாஷையில் சொன்னால், கூட்டிருப்பு. அவர்கள் தூங்கிப் போனார்கள். அவருக்குக் கிடைக்காத அதை நமக்குத் தருவதற்காகவே அவர் மரணத்துக்குள் தனியாகப் போனார் என்பது, வார்டில் உட்கார்ந்த அந்த ராத்திரிகளில் எனக்குப் புரிந்தது.

இடையிடையே ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ரயிலுக்காகத் தம்பானூர் போகிற பஸ் பாளையம் வழியாகப் போகும். அங்கே இருக்கிற யூனிவர்சிட்டி காலேஜ்தான் அந்தக் காலத்து மகாராஜா கல்லூரி. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பேர் வாங்கிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை கொஞ்ச காலம் தமிழ் கற்பித்த இடம். திருநெல்வேலிப் பக்கம் வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827-ல் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைச் செய்து 1894-ல் நூலாக்கினார். எங்கள் வீட்டில் காப்பியம் இல்லை. அதே கதை உரைநடையில் வந்த 'மோட்சப் பிரயாணம்' இருந்தது. அம்மா அதை எங்கள் சின்ன வயதில் வாசித்துக் காட்டுவார். ஊருக்குப் போனபோது அதை எடுத்துவந்தேன். கடைசியில் வரும் ஆற்றை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பரம நகரத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஆறு, பாலம் கிடையாது. அரசர்மேல் வைக்கும் விசுவாசத்துக்கு ஏற்ப ஆழம் கூடும், குறையும் என்று சொல்லப்படுகிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் பயப்படுகிறவர்களை நாம் அளந்து பார்க்கிறோம். ஆனால் பனியன் அடுத்து என்ன எழுதினார் என்று பாருங்கள். வழியெல்லாம் போராடி வந்த யாத்திரிகன் கிறிஸ்தியானே முங்குகிறான், இருட்டிவிட்டது என்று அலறுகிறான். கூட வந்த நம்பிக்கை என்பவன்தான் அவன் தலை தண்ணீருக்குள் போகாமல் பாடுபட்டுத் தாங்கிப் பிடிக்கிறான். அவன் காலுக்குத் தரை தட்டுகிறது, இவனுக்குத் தட்டவில்லை. இதே ஆற்றைக் கொஞ்சமும் கஷ்டப்படாமல் படகில் உட்கார்ந்து கடந்தவன் ஒருவனும் உண்டு, அறிவீனன். வாசல்வரை போய் அவன் உள்ளே சேர்க்கப்படாமல் போனான். அம்மா இதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார், நானும் கேட்டிருக்கிறேன். முங்கினவன் கரையேறினான் என்பது மட்டும் என் காதில் விழுந்ததே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மா. அவருக்குக் கூட்டிருந்த மகள், திருவனந்தபுரத்துக் கடற்கரையில் இருக்கிற பூந்துறைக்காரி. கடற்கரை மலையாளம், தமிழுக்கு ரொம்ப நெருக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது அந்த மகளின் தம்பி கடலில் இருந்தான். எச்சரிக்கை போய்ச் சேருமுன்பே படகுகள் வெகுதூரம் போயிருந்தன. திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பலருடைய உடலே கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் சாதாரணமாக ஏழு வருஷம் கேட்கும். ஓகியில் போனவர்களுக்கு அரசு அவ்வளவு காத்திருக்கவில்லை. ஆனால் ஒரு அக்காவுக்கு எந்த வருஷத்தில் அது முடியும்?

"உடம்பு இல்லாத குழி எதுக்கு? நாங்க வெட்டல" என்றார். நவம்பர் 2-ம் தேதி எல்லாரும் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோவார்கள், அவர்கள் வீட்டார் மட்டும் கடற்கரைக்குப் போவார்களாம். கடைசி நாளில் கடல் தன்னிடம் உள்ள மரித்தோரைத் திருப்பிக் கொடுக்கும் என்று வெளிப்படுத்தலில் இருக்கிறதே, அது போதும் என்றார். அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே புதிய பூமியில் கடல் இல்லை என்று வருவதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. "கடல் இல்லாம எங்க ஆளுங்க அங்க என்ன செய்வாங்கன்னுதான் யோசிக்கிறேன்" என்றார், ரொம்ப உண்மையான கவலையோடு.

அவருடைய இன்னொரு தம்பி, மீதி இருப்பவன், 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்குப் போனவன். பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளிலிருந்து அப்படிப் போனவர்கள் மாடிகளில் சிக்கியிருந்தவர்களை ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஓகி முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. தங்கள் ஆளைத் தண்ணீரிலிருந்து எடுக்க முடியாதவர்கள், பேர் தெரியாதவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். மரணத்துக்கு அப்பால் நம்பிக்கை வைக்கிறவர்கள் இந்த உலகத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது நேர்மாறு. தம்பி எங்கேயோ பத்திரமாக இருக்கிறான் என்று நம்பியவர்களால்தான் மறுபடி தண்ணீரில் இறங்க முடிந்தது.

வார்டில், ஆகஸ்டில் ஒரு விடியற்காலை. மூன்று ராத்திரி தூங்காததில் நான் நாற்காலியிலேயே அயர்ந்துவிட்டேன். கெத்செமனேயில் தூங்கிப்போன பேதுருவை இனி நான் குறை சொல்லமாட்டேன். கண் விழித்தபோது பூந்துறைக்காரி அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கை அம்மாவின் பிடரிக்கு அடியில், விரல்கள் நன்றாக விரிந்து, தலையின் பாரம் முழுவதையும் தாங்கியிருந்தன. வலது கையில் ஸ்பூன், அதில் இளநீர். ஒரு சொட்டு, பிறகு நிதானம், பிறகு ஒரு சொட்டு. அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. அதில் பயம் இருந்ததா என்று தெரியவில்லை. தலை முங்கவில்லை.

பத்து நாள் கழித்து ஊரில், வீட்டில், அம்மா கர்த்தருக்குள் நித்திரையானார். எங்கள் கல்லறைகளில் செதுக்குகிற அதே சொல்தான். ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு இருக்கிற பேரும் கிரேக்கத்தில் 'தூங்கும் இடம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பிறகு படித்தேன்.

எங்கள் பக்கம் ஈஸ்டர் விடியுமுன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவோம். அம்மாவுக்கு அது முதல் ஈஸ்டர். 2020 ஏப்ரல் 12, ஊரடங்கு, யாரும் வெளியே போக முடியாது. முந்தின நாள் ராத்திரி பூந்துறையிலிருந்து போன் வந்தது.

"அம்மாகிட்ட போக முடியாதுல்ல?"

"முடியாது சேச்சி."

"குழி இல்லாமயும் ஏத்தலாம் மோனே. எங்களுக்கு அது பழக்கம். வாசல்ல ஏத்து."

நாலரை மணிக்கு வாசற்படியில் ஏற்றினேன். காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. தூக்கத்தில் எழுந்துவந்த மகள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் குவித்துத் திரியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.